நோட்டிஃபிகேஷன் வராத மாசத்துல என்ன பண்றே?

கேள்வி: அக்கா, எனக்கு 28 வயசு. திண்டுக்கல்ல ஒரு ஜவுளிக்கடையில பில் போடுற வேலை, காலைல ஒன்பதரைக்குப் போனா வீடு திரும்ப ராத்திரி ஒன்பது. டி.என்.பி.எஸ்.சி. (தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்துற குரூப் 4 பரீட்சைய மூணு தடவை எழுதிட்டேன். ஒவ்வொரு தடவையும் பரீட்சைக்கு நோட்டிஃபிகேஷன் வந்ததும் லீவ் போட்டு ரெண்டு மாசம் ராப்பகலா படிப்பேன். போன தடவை ஆறே கேள்வில போச்சு. வீட்ல கல்யாணப் பேச்சு ஓடுது. விடாம முயற்சி பண்ணா ஜெயிக்கலாம்னு சொல்றாங்களே, நானும் விடலையே, ஏன்க்கா கிடைக்கல? போதும்னு விட்றவா?

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த ஆறு கேள்வியப் பத்தி. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், அப்போ 9 மார்க். 2024ல குரூப் 4க்கு முதல்ல அறிவிச்சது 6244 இடம், அப்ளை பண்ணது 20 லட்சம் பேருக்கு மேல. அந்தக் கூட்டத்துல 9 மார்க் வித்தியாசத்துக்குள்ள ஆயிரக்கணக்குல ஆளுங்க நெருக்கியடிச்சு உக்காந்திருப்பாங்க, அதனால "நூலிழைல போச்சு"ன்னு மனச தேத்திக்காத, அதே சமயம் எனக்கு மண்டைல ஒண்ணும் ஏறாதுன்னும் நினைக்காத, கடைல நின்னுக்கிட்டே இவ்ளோ தூரம் வந்திருக்கேன்னா ஏறுதுன்னுதான் அர்த்தம்.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. மூணு தடவை எழுதினே, சரி. நடுவுல இருந்த மாசமெல்லாம் என்ன பண்ணினே? உன் லெட்டர்ல அதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. நோட்டிஃபிகேஷன் வந்தா பரபரன்னு ரெண்டு மாசம், ரிசல்ட் வந்தா அழுகை, அப்புறம் புக்க பரண்ல போட்டுட்டு அடுத்த நோட்டிஃபிகேஷன் வரைக்கும் வெயிட்டிங், இதத்தான் நீ விடாமுயற்சின்னு சொல்லிக்கிட்டு இருக்கே. என்னைக் கேட்டா நீ மூணு தடவை விட்டுட்டு மூணு தடவை முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கே, அவ்ளோதான்.

ஏன் இப்படிச் சொல்றேன்னா, மறதின்னு ஒண்ணு இருக்கே. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமே இல்லாத அசைகள எழுதி வெச்சுக்கிட்டு தன் மேலயே சோதனை பண்ணிப் பாத்தவர், 1885ல அத புக்கா போட்டார். ஒரே நாள்ல 68 தடவை விடாம படிச்சதுக்கும், மூணு நாளா பிரிச்சு மொத்தமே 38 தடவை படிச்சதுக்கும் அவருக்குக் கிடைச்ச பலன் ஏறக்குறைய ஒண்ணுதான். நீ லீவ் போட்டு ராப்பகலா படிச்சது அந்த 68 மாதிரி, உழைப்பு ஜாஸ்தி, ஒட்டுனது கம்மி (லீவுக்குப் பிடிச்ச சம்பளம் வேற போச்சு).

அதனால இனி லீவே போடாத. பேப்பர்ல 200 கேள்வி, அதுல 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கு. தமிழ்ல 60 மார்க் எடுக்கலைன்னா மீதியத் திருத்தவே மாட்டாங்க, எடுத்தா மொத்த மார்க்குல பாதி அங்கதான் இருக்கு. ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் ஸ்கூல் தமிழ் புக்க எடுத்து தினமும் ஒரே ஒரு பாடம், செய்யுளுக்குக் கீழ இருக்கிற சொல்லும் பொருளும், நூல்வெளி, பயிற்சிக் கேள்வி உட்பட. மறுநாள் பஸ்ல புக்க திறக்காம நேத்து படிச்சத மனசுக்குள்ள சொல்லிப் பாரு, வராதத மட்டும் ராத்திரி திரும்பப் பாரு, ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. கணக்குக்கு தனிவட்டி, கூட்டுவட்டி, வேலையும் நாளும், விகிதம், பரப்பளவுன்னு தினம் அஞ்சு, பேனாவால போட்டுப் பாக்கணும், யூட்யூப்ல யாரோ போடுறத வேடிக்கை பாத்தா உனக்கு வராது. ராத்திரி ஒன்பதுக்கு வந்து நாலு மணி நேரம் படிப்பேன்னு சபதமெல்லாம் வேணாம், மூணாவது நாளே கவுந்துரும். உடம்பு முடியாத அன்னிக்கும் முடியிற அளவு வெச்சுக்கோ, ஒரு மணி நேரம் போதும்.

இன்னொரு வேலை இருக்கு, கசப்பா இருக்கும். போன தடவை கேள்வித்தாள எடுத்து ஆன்சர் கீயோட உக்காந்து, தப்பானது ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எழுது: படிக்கவே இல்லையா, படிச்சு மறந்துச்சா, கேள்விய அவசரத்துல தப்பா படிச்சியா. இந்த மூணுல எது ஜாஸ்தியோ அதத்தான் இந்த வருஷம் சரி பண்ணணும். தப்புக்கு மைனஸ் மார்க் கிடையாது, அதனால "விடை தெரியவில்லை"ங்கிற ஈ ஆப்ஷன ஷேட் பண்ணிட்டு வந்திருந்தா அதையும் எண்ணிப் பாரு, உன் ஆறுல ஒண்ணு ரெண்டு அங்கேயே கிடக்கலாம்.

வீட்ல "எப்பதான் முடியும்"னு கேக்குறது நியாயமான கேள்விதான், அவங்க மேல கோபப்படாத. தேர்வாணையம் வருஷத் திட்ட அட்டவணை போடுது, தேதி முன்னாடியே தெரியும். இன்னும் ரெண்டு தேர்வு, அதுவரைக்கும் கடை வேலைய விடமாட்டேன், சம்பளம் வீட்டுக்கு வரும்னு தெளிவா சொல்லிடு. பொண்ணு பாக்க வர்றவங்க கிட்டயும் இதையே சொல்லு, "கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கு பரீட்சை"ன்னு கேக்குற இடம் எதுன்னு அப்பவே தெரிஞ்சிரும்.

கடைசியா, டைப்ரைட்டிங் முடிச்சிருக்கியான்னு நீ எழுதல. குரூப் 4லயே டைப்பிஸ்ட் போஸ்ட் இருக்கு, தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் சர்டிபிகேட் வேணும்ங்கிறதால போட்டி கம்மி, கட் ஆஃபும் பொதுவா கொஞ்சம் கீழதான் நிக்கும். டைப்ரைட்டிங்ல ஜூனியர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. முதல்ல பல நாள் ஏ எஸ் டி எஃப்னு ஒரே வரிய பக்கம் பக்கமா தட்ட விடுவாங்க, சுண்டு விரல் வலிக்கும், போரடிக்கும், பாதிப் பேர் அங்கேயே நின்னுருவாங்க. உன் ஏரியா இன்ஸ்டிடியூட்ல காலைல ஆறு மணி பேட்ச் இருக்கான்னு நாளைக்கே போய் விசாரி, அடுத்த கவர்மென்ட் டைப்ரைட்டிங் பரீட்சைக்கு ஃபீஸ் கட்ட கடைசி தேதி என்னன்னும் கேட்டுட்டு வா.