பழைய டீசல் கேம்பர் வேனில் மேடேறும்போது இழுவை குறைந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) விளக்கும் எரிகிறது. எங்கிருந்து தேடுவது?

இரண்டும் ஒரே கோளாறு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் கூலன்ட். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே கூலன்ட் டேங்க் மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். அளவு குறைந்திருந்தால் ஹோஸ் கிளிப்புகளிலும் வாட்டர் பம்ப் அடியிலும் உலர்ந்த கறை தெரிகிறதா பாருங்கள். பின்பக்க ஹீட்டர் இருந்தால், அதற்குப் போகும் நீண்ட குழாய்களை வண்டிக்கு அடியில் படுத்தே பார்க்க வேண்டும். துரு பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் சென்சாரையும் அதன் கனெக்டரையும் சுத்தம் செய்யுங்கள்.

வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைகிறதா? ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், டேங்கில் விடாமல் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள். இழுவைக் குறைவுக்கும் அதுவே காரணமாகலாம். அந்த நிலையில் தயவுசெய்து ஓட்டாதீர்கள், ஹெட் வளைந்துவிடும்.

சூடு ஏறாமல் இழுவை மட்டும் போனால் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ஹோஸில் எண்ணெய் ஈரம் தெரியும் இடத்தில் வெடிப்பு இருக்கலாம். எஞ்சினை அணைத்துப் போட்டதும் பலம் திரும்புகிறதென்றால், வண்டியின் கணினியே சக்தியைக் கட்டுப்படுத்துகிறது. ஸ்கேனரில் பிழைக் குறியீட்டைப் பாருங்கள்.