படகின் உள்டேங்கில் தண்ணீர் கலந்த பெட்ரோல்: பாதுகாப்பாக வெளியேற்றுவது எப்படி?

தூத்துக்குடியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஃபைபர் படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வடகிழக்குப் பருவமழைக்காக அக்டோபரில் கரையேற்றிய படகை ஜனவரியில் எடுத்தபோது, பின்புறத்தில் வெளியே மாட்டிய அவுட்போர்டு எஞ்சின் ஸ்டார்ட் ஆகி அரை நிமிடத்தில் அணைந்துவிட்டது. ஃபில்ட்டர் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் தண்ணீர் நின்றது. தளத்துக்குக் கீழே நிலையாகப் பதித்த 160 லிட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்கில் ஏறக்குறைய 110 லிட்டர் பெட்ரோல் கிடக்கிறது. ஒரு மெக்கானிக், இரண்டு பாட்டில் ‘வாட்டர் ரிமூவர்’ ஊற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர், சின்ன மோட்டார் வைத்து அடித்தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டு மிச்சத்தை ஓட்டலாம் என்கிறார். மூன்றாமவர், மொத்தத்தையும் தானே இலவசமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். இவர்களில் யார் பேச்சைக் கேட்பது, தானே எடுத்தால் ஆபத்தா என்பது அவருடைய கேள்வி.

மூவர் பேச்சையும் கேட்க வேண்டாம். முதல் இருவர் சொல்வது எத்தனால் கலக்காத பழைய பெட்ரோலுக்கு ஓரளவு பொருந்திய வைத்தியம். அந்தப் பெட்ரோலில் தண்ணீர் கலக்காது. அடியில் தனியாகத் தங்கிவிடும். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பது நல்ல பெட்ரோலாகவே இருக்கும். இன்று பங்க்குகளில் பொதுவாகக் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் சேர்த்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். ஓர் எல்லைவரை வெளியே எதுவும் தெரியாது. பத்து விழுக்காடு எத்தனால் உள்ள பெட்ரோலில் அந்த எல்லை நூறு லிட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். எத்தனால் கூடினால் எல்லையும் சற்றுக் கூடும். அதைத் தாண்டியதும் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். எனவே நீங்கள் கிண்ணத்தில் பார்த்தது வெறும் தண்ணீராக இருக்க வாய்ப்பில்லை. அது தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்த, உலோகத்தை அரிக்கக்கூடிய கலவை. மேலே நிற்பதும் நீங்கள் வாங்கிய பெட்ரோல் அல்ல. எத்தனால் போய்விட்டதால் ஆக்டேன், அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் திறன், குறைந்துபோன ஒன்று. அதை எஞ்சினுக்குக் கொடுத்தால் பாரம் ஏறும்போது தட்டல் சத்தம் வரும், பிஸ்டன் போகும். ‘வாட்டர் ரிமூவர்’ என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆல்கஹால் வகைத் திரவம். பிரிந்துவிட்ட 110 லிட்டரை இரண்டு பாட்டில் ஆல்கஹால் திரும்பச் சேர்க்காது. பணம் போவதோடு, ஏதோ செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் எஞ்சினை மறுபடி ஓட்டிப் பார்க்கத் தோன்றும் என்பதுதான் இந்தப் பாட்டில்களில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம். ஆகவே 110 லிட்டரும் வெளியே வர வேண்டும். எஞ்சினை இனி ஒரு முறைகூடச் சுற்றிப் பார்க்காதீர்கள்.

வெளியே எடுப்பதில் தண்ணீரைவிடப் பெட்ரோல் ஆவியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும் பொருள் அது. தூத்துக்குடி வெயிலில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பிப் போகாமல் தளத்தின் இடுக்கு வழியே இறங்கிப் படகின் அடிப்பள்ளத்தில் குளம்போலத் தேங்கும். அடிப்பள்ளத்துத் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்பும் பேட்டரி ஒயர்களும் இருப்பது அங்கேதான். காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை ஆவி கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும்.

ஆகையால் வேலையைத் தண்ணீரில் மிதக்கும் படகில் செய்யக் கூடாது. டிரெய்லரோடு திறந்த வெளியில், வீடு, டீக்கடை, ஐஸ் பிளாண்ட் எதுவும் காற்று போகும் திசையில் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். தளத்திலுள்ள மூடிகளையெல்லாம் முதல் நாளே திறந்து காற்றோட விடுங்கள். பேட்டரி இணைப்பை, அடியில் பெட்ரோல் வாடை துளியும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, டேங்கில் கை வைப்பதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். ஆவி தேங்கிய பிறகு பேட்டரி முனையைக் கழற்றினால் அந்த இடத்தில்தான் பொறி வரும். பில்ஜ் பம்ப் தானாக ஓடும் வகையாக இருந்தால், அது சுவிட்சைத் தாண்டி நேரடியாகப் பேட்டரியில் கொடுக்கப்பட்டிருக்கலாம். ஆகவே சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருந்துவிடாமல் பேட்டரியையே கழற்றுங்கள். வாடை போகட்டும் என்று வீட்டிலிருந்து டேபிள் ஃபேன் கொண்டுவந்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் சுவிட்சும் பிளக்கும் பொறி எழுப்பும்; கடல்காற்றே போதும். செல்போன்களைத் தள்ளி வையுங்கள். டிரை பவுடர் தீயணைப்பான் ஒன்றும் மணல் வாளிகளும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலையில் இறங்காத ஒருவர் அவற்றின் அருகிலேயே நிற்க வேண்டும்.

அடுத்தது, எந்தத் திறப்பு வழியாக எடுப்பது என்பது. பெட்ரோல் ஊற்றும் குழாயில் பைப்பை விடுவது எளிதாகத் தோன்றும். ஆனால் அது வளைந்து வளைந்து போவதால் பைப் அடியைத் தொடாது. எஞ்சினுக்குப் போகும் உறிஞ்சு குழாய் வழியாகவே எடுத்துவிடலாம் என்பார்கள். அந்தக் குழாயை அடிமட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள் என்பதால், நீங்கள் எடுக்க நினைக்கும் அடிக்கலவையே மிச்சமாக நின்றுவிடும். டேங்கின் மேல்தகட்டில் உறிஞ்சு குழாய் ஏறும் இடம், பெட்ரோல் அளவு காட்டும் மிதவைத் தகடு ஆகிய இரண்டில் எது பின்கோடிக்கு அருகில் இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். டிரெய்லரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஓர் இரவு அசைக்காமல் விட்டால் கலவை முழுவதும் அந்தப் பக்கம் இறங்கிச் சேரும். மிதவைத் தகட்டைத் திறப்பதாக இருந்தால், வழக்கமாக அதில் ஐந்து திருகுகள் இருக்கும். துளைகள் சமதூரத்தில் இருக்காது என்பதால், கழற்றுவதற்கு முன் தகட்டிலும் டேங்கிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாட்டும்போது பழைய கேஸ்கட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

உறிஞ்சுவதற்கு மோட்டார் வேண்டாம். எரிபொருளை இடம் மாற்ற என்று சந்தையில் கிடைக்கும் 12 வோல்ட் பம்ப்புகள் பல டீசலுக்கு மட்டுமானவை. பெட்ரோலில் வைத்தால் அவற்றின் கார்பன் பிரஷ்ஷே தீக்குச்சி வேலையைச் செய்துவிடும். டிரில் மெஷினில் மாட்டும் பம்ப்பும், பில்ஜ் பம்ப்பும், வாக்குவம் கிளீனரும் அப்படியே. வாயால் உறிஞ்சுவது இன்னும் மோசம்: ஒரு வாய்ப் பெட்ரோல் நுரையீரலில் இறங்கினால் அது உயிராபத்து. யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உங்களிடமே இருக்கும் அவுட்போர்டு எரிபொருள் ஹோஸும் அதன் நடுவில் கையால் அழுத்தும் ரப்பர் பல்பும் இந்த வேலைக்குப் போதும். உறிஞ்சும் முனையில் அடிவரை எட்டும் ஒரு பித்தளைக் குழாயைப் பொருத்துங்கள்; பல்பிலுள்ள அம்புக்குறி கேனைப் பார்த்து இருக்கட்டும்; சில முறை அழுத்திவிட்டால், டேங்க் உயரத்திலும் கேன் தரையிலும் இருப்பதால் பிறகு தானாக வழியும். மெதுவாகத்தான் வரும். அந்த மெதுவே நமக்கு வேண்டியது. பெட்ரோல் வேகமாகப் பாயும்போது நிலைமின்சாரம் சேரும்.

நிலைமின்சாரத்தை நம்மூரில் யாரும் பொருட்படுத்துவதில்லை. அதனால்தான் குடிநீர்க் கேனிலும் பழைய எண்ணெய் டின்னிலும் பெட்ரோல் பிடிக்கிறார்கள். பிளாஸ்டிக் கேனில் சேர்ந்த மின்னேற்றத்துக்கு வெளியேற வழி இல்லை. உலோகக் கேனை வெறும் தரையில் வையுங்கள். வண்டியின் மேலோ ரப்பர் விரிப்பின் மேலோ வேண்டாம். ஒரு செம்புக் கம்பியின் ஒரு முனையை டேங்கின் உலோகத்திலும் மறுமுனையைக் கேனிலும் இறுக்குங்கள். உறிஞ்சும் பித்தளைக் குழாயையும் அந்தக் கம்பியோடு இணையுங்கள். இவையெல்லாம் டேங்கும் கேனும் மூடியிருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ஹோஸின் வாய் கேனின் அடியைத் தொட்டபடி இருக்கட்டும். மேலிருந்து கொட்டவிடக் கூடாது.

முதலில் வருவதை ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு படலங்களுக்கு நடுவே கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு தெரியும். கோடு தெரிந்தால், மேலே சொன்ன பிரிவு நடந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு மேல்படலத்தைச் சேமிக்கலாமா என்ற பேச்சே வேண்டாம். பங்க்கில் பயன்படுத்தும் தண்ணீர் கண்டறியும் பசையைத் தடவிப் பார்த்து, நிறம் மாறவில்லை, தண்ணீர் இல்லை என்று சிலர் சாதிப்பார்கள். சாதாரணப் பசை இந்த எத்தனால் கலவையில் சரியாகக் காட்டாது. அதற்கென்று தனிப் பசை இருக்கிறது. கண்ணாடி ஜாடியை நம்புங்கள்.

இனி மூன்றாமவரைப் பற்றி. இலவசமாக எடுத்துக்கொள்கிறேன் என்பவர் உங்கள்மேல் இரக்கப்பட்டு வரவில்லை. அடிப்படலத்தை எங்காவது மணலிலோ ஓடையிலோ கொட்டிவிட்டு, மேல்படலத்தை நல்ல பெட்ரோலோடு கலந்து சில்லறையில் விற்பதுதான் இந்தத் தொழிலின் லாபம். அது யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளிலோ இன்னொரு மீனவருடைய வள்ளத்திலோ போய்ச் சேரும். நடுக்கடலில் அவருடைய எஞ்சின் நிற்கும். இப்படி வருபவர்கள் பிளாஸ்டிக் பேரலும் மோட்டாரும் கொண்டுவருவார்கள். தீ பிடித்தால் எரிவது உங்கள் படகு. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வழங்கிய அங்கீகார நகலைக் காட்டச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி அந்தச் சரக்கு நகரும்போது படிவம் 10 என்ற சரக்குச் சீட்டு உடன் போக வேண்டும். அந்தப் படிவத்தைக் கேளுங்கள். காட்ட மறுப்பவருக்கு ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள்.

இங்கே சட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் ஒருவர் வைத்திருக்கலாம். அதுவும் உலோகப் பாத்திரமானால் 25 லிட்டருக்கு மிகாமல், கண்ணாடியானால் ஒரு லிட்டருக்கு மிகாமல், இறுக மூடியிருக்க வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: முறையாகப் பதிவு செய்த வாகனத்தின் உரிமையாளர் டேங்கில் இருப்பது போக மேலும் 100 லிட்டர் வரை வைத்திருக்கலாம், படகும் அந்தச் சட்டத்தின் பார்வையில் வாகனம்தான். 30 லிட்டருக்கு மேல் போனால் ஆட்கள் வசிக்கும், வேலை செய்யும் அறைகளோடு தொடர்பில்லாத தனி இடத்தில் வைக்க வேண்டும். இதைக் காட்டி, “100 லிட்டர் வரை பயமில்லை, கேனில் பிடித்து வீட்டுக் கொட்டகையில் வையுங்கள்” என்று ஆலோசனை சொல்பவர்கள் விலக்கின் பின்பாதியைப் படிப்பதில்லை. அந்த எரிபொருள் வாகனத்தை ஓட்டுவதற்காக வைத்திருப்பதாக இருந்தால்தான் விலக்கு. கெட்டுப்போன பெட்ரோலை ஓட்டுவதற்காக வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? டேங்கில் இருக்கும்வரை ஒரு கேள்வியும் இல்லாத பெட்ரோல், பாதுகாப்புக்காக நீங்கள் வெளியே எடுத்த கணத்தில் 30 லிட்டர் வரம்புக்குள் வந்து நிற்கிறது என்றே நான் இதைப் படிக்கிறேன். உங்களுடையதோ 110 லிட்டர். ஆகவே பிடித்துவைத்துப் பிறகு ஆள் தேடாதீர்கள். அங்கீகாரம் பெற்றவர் வரும் நாளை முதலில் உறுதி செய்துகொண்டு, அவருடைய பாத்திரங்களிலேயே நேராக இறக்குங்கள்.

110 லிட்டருக்காக யார் வருவார் என்று நீங்கள் கேட்பீர்கள்; நியாயமான கேள்வி. 2030-க்கு என்று வைத்திருந்த 20 விழுக்காடு எத்தனால் இலக்கை 2025-26-க்கு முன்னே இழுத்தவர்கள், மூன்று மாதம் கரையில் கிடக்கும் படகுகளின் டேங்குகளை நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவுட்போர்டு தயாரிப்பாளர்களின் கையேடுகள் பல 10 விழுக்காட்டோடு நின்றுவிடுகின்றன. பங்க்கில் வேறு வழி கொடுக்காமல், கெட்டதைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சிறு படகுத்துறைகளில் ஓர் இடமும் வைக்காமல், கடலில் கொட்டினால் குற்றம் என்று மட்டும் சொல்வது நிர்வாகம் ஆகாது. உங்கள் பகுதியிலுள்ள மற்றப் படகுக்காரர்களும் இதே தொல்லையில் இருப்பார்கள். சேர்ந்து மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் தூத்துக்குடி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். நாலைந்து படகுகளின் சரக்கு ஒன்றாகச் சேர்ந்தால் வண்டி வர வாய்ப்பு அதிகம்.

டேங்க் காலியான பிறகு ஆபத்து கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம். நிரம்பிய டேங்கில் ஆவிக்கு இடம் குறைவு. காலி டேங்க் முழுவதும் ஆவியும் காற்றும்தான். சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். நாலைந்து லிட்டர் புதுப் பெட்ரோல் விட்டு அலசி, அதையும் அதே வழியில் எடுத்துவிட்டால் போதும். ஓட்டை இருக்கிறது, அப்படியே ஒரு வெல்டிங் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், படகிலிருந்து டேங்கைக் கழற்றாமல் அந்தப் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். கழற்றிய பிறகும், டேங்கினுள் ஆவி இல்லை என்று கருவி வைத்துச் சோதித்துச் சொல்லும் பட்டறையில் மட்டும் கொடுங்கள்.

பங்க்கில் தண்ணீர் கலந்து விற்றுவிட்டார்கள் என்று சந்தேகப்படுவதற்கு முன், தளத்திலுள்ள பெட்ரோல் மூடியைக் கழற்றி அதன் ஓ ரிங்கை (ரப்பர் வளையத்தை) விரல்களால் வளைத்துப் பாருங்கள். வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் மூன்று மாத மழையும் அந்த வழியாகத்தான் இறங்கியிருக்கும். அதை மாற்றாமல் புதுப் பெட்ரோல் ஊற்றுவது வீண். டேங்கின் காற்றுக்குழாய் வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்ட்டரைப் புதிதாக மாற்றி, எஞ்சினுக்குள் இருக்கும் ஆவிபிரிப்புக் கிண்ணத்தில் தங்கியதையும் மெக்கானிக்கை வைத்து வடித்துவிட்டு, முதல் ஓட்டத்தைத் தனிக் கேனில் புதுப் பெட்ரோல் வைத்து நடத்துங்கள். அதில் சீராக ஓடினால் எஞ்சின் தப்பித்தது. அதன் பிறகு உள்டேங்கில் இருபது லிட்டர் மட்டும் ஊற்றி, கரையை ஒட்டி ஓட்டிவந்து, ஃபில்ட்டர் கிண்ணத்தை மறுபடி கழற்றிப் பார்த்த பிறகே பயணிகளை ஏற்றுங்கள்.