ஏடிவி கிளம்பும் வேகத்தை (பிக்கப்) கூட்ட கிளட்ச் ஸ்பிரிங் மாற்ற வேண்டுமா, டிரைவ் மோட் போதுமா? எப்படி டெஸ்ட் செய்வது?

கேள்வியின் சுருக்கம்: கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் மாந்தோப்பில் ஓடும் 500 சிசி வகை ஏடிவி (கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி). பெல்ட் டிரைவ் (சிவிடி: இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டும் விகிதத்தைத் தானாக மாற்றும் அமைப்பு), ஸ்போர்ட், ஸ்டாண்டர்ட், ஒர்க் என மூன்று டிரைவ் மோட். நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மந்தம், கூடை ஏற்றிய டிரெய்லரோடு மேட்டில் திணறல். கடையில் கடினமான ஸ்பிரிங் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

ஸ்பிரிங் இன்ஜினின் பவரைக் கூட்டாது. இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) நின்று இழுக்க வேண்டும் என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது. டிரைவ் மோடோ கிளட்சைத் தொடுவதே இல்லை. கட்டைவிரல் லீவரை இவ்வளவு அழுத்தினால் திராட்டில் எவ்வளவு திறக்கும் என்பதை மட்டும் மாற்றும். அதனால் பாதி லீவரில் ஸ்போர்ட் மோட் துள்ளும், ஒர்க் மோட் சாதுவாக இருக்கும். லீவரை முழுதாக அழுத்தினால் பெரும்பாலான வண்டிகளில் எல்லா மோடும் ஏறக்குறைய ஒன்றுதான். சில மாடல்களில் மட்டும் ஒர்க் மோடில் உச்சத் திறப்பையும் குறைத்திருப்பார்கள். ஆகவே முழு லீவரிலும் மந்தமாக இருந்தால் மோட் மாற்றிப் பயனில்லை. பாதி லீவரில் மட்டும்தான் மந்தம் என்றால் ஸ்பிரிங்குக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

மேட்டில் டிரெய்லர் திணறுவதற்கு முதல் மருந்து லோ கியர். மணிக்கு 10 கிலோமீட்டர் அளவில் பாரம் இழுக்கும்போது ஹை கியரில் ஓட்டினால் பெல்ட் வழுக்கிச் சூடாகும். எந்த ஸ்பிரிங் போட்டாலும் அது தீராது.

ஸ்பிரிங்கைத் தொடும் முன் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நம் செம்மண் தூசியும், குவாரி ரோட்டோரக் கிரானைட் தூசியும் ஃபில்டரை அடைத்தாலே வண்டி மந்தமாகிவிடும். அடுத்து சிவிடி மூடியைக் கழற்றி பெல்ட்டின் அகலத்தை வெர்னியரில் அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள தேய்மான அளவோடு ஒப்பிடுங்கள். பெல்ட் தேய்ந்திருந்தால் கிளம்பும் விகிதமே மாறிவிடும், டெஸ்ட் முழுதும் வீண். புல்லி முகத்தை பிரேக் கிளீனரால் துடையுங்கள். கிரீஸ், எண்ணெய் ஒரு துளி படக்கூடாது. புது பெல்ட் போட்டிருந்தால் முதல் 50 கிலோமீட்டர் முழு திராட்டில் வேண்டாம்.

எந்த ஸ்பிரிங் எதைச் செய்கிறது என்பது அடுத்தது. இந்த வகை வண்டியில் இன்ஜின் பக்கப் புல்லிதான் கிளட்ச். அதன் ஸ்பிரிங்குக்கு இரண்டு எண் கொடுப்பார்கள். 80/200 என்றால் தொடக்கத்தில் 80 பவுண்டு, புல்லி முழுதாக மூடும்போது 200 பவுண்டு. முதல் எண் கூடினால் வண்டி அதிக ஆர்பிஎம்மில் கவ்வும், அதாவது புல்லி பெல்ட்டைப் பிடித்து வண்டி நகரத் தொடங்கும். இரண்டாவது கூடினால் ஓட்டத்தில் ஆர்பிஎம் உயர்ந்து நிற்கும். உள்ளே இருக்கும் வெயிட்டைக் குறைத்தாலும் ஓட்ட ஆர்பிஎம் உயரும். கியர்பாக்ஸ் பக்க ஸ்பிரிங் பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது. அது கடினமானால் மேட்டில் சட்டென்று விகிதம் இறங்கி இழுக்கும், ஆனால் சூடும் பெல்ட் தேய்மானமும் கூடும். யமஹா கிரிஸ்லி போன்றவற்றில் கிளம்பும் வேலையைத் தனி வெட் கிளட்ச் (எண்ணெயில் ஓடும் கிளட்ச்) செய்கிறது. சின்ன 150 சிசி ஏடிவிகளில் ஸ்கூட்டர் மாதிரி ஷூ கிளட்ச். அவற்றில் கவ்வும் ஆர்பிஎம் வேறு இடத்தில் இருக்கிறது, மேலே சொன்ன முதல் எண் கணக்கு அங்கே பொருந்தாது.

நிறத்தை நம்பி ஸ்பிரிங் வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் சிவப்பு இன்னொன்றின் சிவப்பு அல்ல. அளந்து பார்ப்பது எளிது. ஓசூர், கிருஷ்ணகிரி லேத் பட்டறைகளில் உள்ள பெஞ்ச் டிரில்லிங் மெஷினின் மேடையில், முள் ஓடும் பழைய வகை எடை மெஷினை வையுங்கள். டிஜிட்டல் மெஷின் எடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சரிவராது. ஸ்பிரிங்கின் நடுவில் ஒரு கம்பியை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஸ்பிரிங் தெறிக்கும். சக்கில் குழாய்த் துண்டு மாட்டி, மோட்டாரை ஓடவிடாமல், கைப்பிடியால் மெதுவாக அழுத்தி, கிளட்சில் உட்காரும் உயரத்திலும் புல்லி முழுதாக மூடும்போது இருக்கும் உயரத்திலும் எடையைக் குறியுங்கள். 80/200 ஸ்பிரிங் சுமார் 36 கிலோவும் 91 கிலோவும் காட்ட வேண்டும். பழைய ஒரிஜினல் ஸ்பிரிங்கையும் இப்படியே அளந்து விடுங்கள். அது தளர்ந்து போயிருப்பதே உங்கள் மந்தத்துக்குக் காரணமாக இருக்கலாம். அப்படியானால் புது ஒரிஜினல் ஸ்பிரிங் போதும்.

ஓட்டிப் பார்ப்பதற்குச் சொந்த நிலத்திலோ அனுமதியுள்ள இடத்திலோ கெட்டியான, சமமான 50 மீட்டர் வேண்டும். பதிவில்லாத ஏடிவியைப் பொது ரோட்டில் ஓட்டக்கூடாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் காப்புக்காடும் காவேரி வடக்கு சரணாலயமும் இருக்கின்றன, அங்கே நுழைய வேண்டாம். உழுத மண்ணிலோ மணலிலோ பின்சக்கரம் சுழன்றுவிடும். அங்கே நீங்கள் அளப்பது ஸ்பிரிங்கை அல்ல, மண்ணை. அதனால் கெட்டித் தரையில், எல்லா ஓட்டத்திலும் ஒரே டூ வீல் அல்லது ஃபோர் வீல் அமைப்பில் ஓட்டுங்கள். ஹெல்மெட் கட்டாயம். பின்னால் ஆள் வேண்டாம்.

காலை நேரத்தில், பெட்ரோல் அளவும் டயர் காற்றும் ஒன்றாக வைத்து, முதலில் 10 நிமிடம் சாதாரணமாக ஓட்டி பெல்ட்டைச் சூடாக்குங்கள். மீட்டரும் தொடக்க, முடிவுக் கொடிகளும் தெரியும்படி ஹெல்மெட்டில் கேமரா. ஃபோனின் ஜிபிஎஸ் பெரும்பாலும் நொடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும், இந்த வேலைக்குப் போதாது. 60 ஃபிரேம் வீடியோவில் வண்டி அசையும் ஃபிரேமிலிருந்து கொடியைத் தாண்டும் ஃபிரேம் வரை எண்ணி 60ஆல் வகுத்தால் நொடி கிடைக்கும். போகும் திசையில் ஐந்து ஓட்டம், திரும்பும் திசையில் ஐந்து. ஒவ்வொரு திசைக்கும் ஐந்தையும் வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுங்கள். மோட் ஒப்பிட லீவரில் டேப் ஒட்டிப் பாதி இடத்தைக் குறித்து, அதே இடத்தில் பிடித்து இன்னொரு தொகுதி ஓட்டுங்கள்.

ஒரே ஸ்பிரிங்கின் ஐந்து ஓட்டமே 4.6 முதல் 4.8 நொடி வரை சிதறினால், புது ஸ்பிரிங்கில் 0.1 நொடி குறைந்ததை முன்னேற்றம் என்று எடுக்காதீர்கள். ஸ்பிரிங் மாற்றி ஓட்டிய பிறகு பழையதை மீண்டும் மாட்டி ஓட்டிப் பாருங்கள். பழைய எண் திரும்ப வந்தால்தான் அந்த வித்தியாசம் ஸ்பிரிங்கால் வந்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கையும் வெயிட்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நொடியைவிட ஆர்பிஎம்மை நான் அதிகம் நம்புவேன். முழு லீவரில், கவ்விய பிறகு ஆர்பிஎம் ஏறி ஓரிடத்தில் நிலைக்க வேண்டும், அந்த இடம் உங்கள் இன்ஜின் உச்ச பவர் தரும் ஆர்பிஎம் அருகில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே அமுங்கினால் ஸ்பிரிங் மெலிது அல்லது வெயிட் அதிகம். லிமிட்டரில் (ஆர்பிஎம்மை அதற்கு மேல் ஏறவிடாமல் தடுக்கும் வரம்பில்) முட்டினால் ஸ்பிரிங் கடினம் அல்லது வெயிட் குறைவு. ஆர்பிஎம் ஏறியும் வண்டி நகராவிட்டால் பெல்ட் வழுக்குகிறது. பெரும்பாலும் கியர்பாக்ஸ் பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது பெல்ட் தேய்ந்திருக்கும்.

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். இன்ஜின் பக்கப் புல்லியின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் நேர்கோடு போட்டு, மூடியை மாட்டி ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டுங்கள். பெல்ட் போன உயரம் வரை மை அழிந்திருக்கும். விளிம்பை ஒட்டி அகலமாகக் கோடு மிச்சமிருந்தால் விகிதம் முழுதாக மாறவில்லை. டாப் ஸ்பீடு அங்கேதான் குறைகிறது.

இன்ஜின் பக்க கிளட்சைக் கழற்றும்போது மூடிக்கும் உடலுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாறி மாட்டினால் பேலன்ஸ் போய் வண்டி அதிரும். போல்ட்டுகளைச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது.

டியூன் செய்யும் ஊரையும் கவனியுங்கள். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர், ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். டர்போ இல்லாத இன்ஜின் 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் பவரை இழக்கும். ஓசூரில் பொருந்திய செட்டப், தாழ்வான சந்தூரில் பவர் கூடுவதால் லிமிட்டர் பக்கம் போகலாம்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது: ஃபில்டர், பெல்ட், பிறகு மேட்டில் லோ கியர், தோப்பு வேலைக்கு ஸ்டாண்டர்ட் மோட். இத்தனைக்குப் பிறகும் ஆர்பிஎம் அமுங்கினால் மட்டும் இரண்டாவது எண் சற்றே கூடிய ஸ்பிரிங். முதல் எண்ணைக் கூட்ட வேண்டாம். மாமரங்களுக்கு நடுவே கூடையோடு ஊர்ந்து போகும் வண்டி அதிக ஆர்பிஎம்மில் கவ்வினால் ஒவ்வொரு கிளம்பலிலும் குதிக்கும், பெல்ட்டும் பளபளவென்று எரிந்து வழுக்கத் தொடங்கும்.