வாசலில் ரோமானியத் தூண், கூரைக்கடியில் வாளி: 42,000 ரேண்ட் கொடுக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஓவர்போர்ட் பகுதியில், 1961-இல் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் எனக்கு ஒரு ஃபிளாட் இருக்கிறது. மொத்தம் 24 வீடுகள். என் பார்டிசிபேஷன் கோட்டா, அதாவது பொதுச் செலவில் என் பங்கு, 4.2 சதவீதம். வாசலில் போர்ட்டிகோ, கார் நிறுத்தும் இடத்துத் தூண்களுக்கு ரோமானிய வேஷம், பால்கனிகளுக்குக் கண்ணாடித் தடுப்பு, பித்தளை எழுத்தில் 'வில்லா' என்று புதுப் பெயர் என்று டிரஸ்டிகள் (உரிமையாளர்கள் சார்பில் கட்டடத்தை நிர்வகிப்பவர்கள்) 10 லட்சம் ரேண்டுக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். விரிசல் அடைப்பது, கூரை வாட்டர்ப்ரூஃபிங், பெயின்ட் எல்லாம் அதற்குள் அடக்கமாம். என் பங்காக ஸ்பெஷல் லெவி, அதாவது மாதக் கட்டணத்துக்கு மேல் தனி வசூல், 42,000. "விற்கும்போது ஒரு லட்சம் கூடக் கிடைக்கும்" என்கிறார்கள். நான் ஓய்வு பெற்றவள். டெபாசிட்டில் 1,60,000 ரேண்ட் வைத்திருக்கிறேன். எடுத்துக் கொடுக்கலாமா?

பதில்: அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. அந்த 10 லட்சத்தை முதலில் இரண்டாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். அவசிய வேலையையும் அலங்காரத்தையும் ஒரே கொட்டேஷனில் பிசைந்து வைத்தால், கூரை ஒழுகுவதைக் காட்டித் தூணுக்குக் கையெழுத்து வாங்கிவிடலாம். உதாரணத்துக்கு, விரிசல், கூரை, பெயின்ட் மூன்றும் சேர்ந்து 4,10,000 என்று வந்தால் அதில் உங்கள் பங்கு 17,220 ரேண்ட். மீதி 5,90,000-க்கு 24,780. முதல் தொகை கட்டடத்தைக் காப்பாற்றும் செலவு, அதில் பேரம் பேசாதீர்கள். இரண்டாவதுதான் பேச்சுக்குரியது.

2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த செக்‌ஷனல் டைட்டில் (ஃபிளாட் தனி உரிமை, பொது இடம் கூட்டு உரிமை) மேலாண்மைச் சட்டத்தின் கீழுள்ள நிர்வாக விதிகளில் 29-ஆவது விதியைப் படியுங்கள். பொது இடத்தில் நியாயமான தேவை இல்லாத மாற்றம் செய்ய ஒருமனதான தீர்மானம் வேண்டும். உறுப்பினர்களில் (ஃபிளாட் உரிமையாளர்களில்) 80 சதவீதம் பேர், அதாவது உங்கள் கட்டடத்தில் 20 பேராவது, நேரிலோ பிராக்ஸி மூலமோ வந்திருக்க வேண்டும். கோட்டா மதிப்பிலும் அதே 80 தேவை. வாக்களித்தவர்களில் ஒருவர்கூட எதிர்த்திருக்கக் கூடாது. போகாமல் வீட்டில் இருந்தாலோ, போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தாலோ அது எதிர்ப்பு ஆகாது. போய்க் கை தூக்கி, எதிர்த்தேன் என்பதை மினிட்ஸில் எழுத வையுங்கள்.

"இது தேவையான மாற்றம்தான்" என்று டிரஸ்டிகள் சொல்லக்கூடும். அப்போதும் 30 நாள் எழுத்து நோட்டீஸ் தர வேண்டும். அதில் செலவு மதிப்பீடு, பணம் எங்கிருந்து வரும், எதற்காக இந்த வேலை என்ற விளக்கம் எல்லாம் இருக்க வேண்டும். அந்த 30 நாளுக்குள் ஓர் உறுப்பினர் எழுத்தில் கூட்டம் கேட்டாலே போதும்; 75 சதவீத ஆதரவுள்ள சிறப்புத் தீர்மானம் இல்லாமல் வேலையைத் தொடங்க முடியாது. டிரஸ்டிகள் தாங்களாகவே போடக்கூடிய ஸ்பெஷல் லெவி, அடுத்த பட்ஜெட் வரை தள்ளிப்போட முடியாத அவசியச் செலவுக்கு மட்டும். பித்தளை எழுத்து அதில் எப்படியும் சேராது.

இன்னொன்று: கட்டடத்துக்கு 60 வயது தாண்டிவிட்டது. முகப்பை மாற்ற மாகாண மரபுரிமை அமைப்பான அமாஃபாவின் அனுமதி வேண்டும். போர்ட்டிகோவுக்கு டர்பனின் எதெக்வினி மாநகராட்சியில் பிளான் பாஸாக வேண்டும். இவை கைக்கு வருமுன் கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் போனால், அந்தப் பணம் அந்தரத்தில்தான்.

இனி அந்த 'ஒரு லட்சம்'. உங்கள் விலை வரம்பில் வாங்க வருபவர் வங்கிக் கடனில்தான் வருவார். விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்திலேயே மாத லெவியும் இருக்கும்; அதை வங்கி அவருடைய செலவுக் கணக்கில் கழிக்கும். அலங்காரப் பராமரிப்பால் லெவி மாதம் 250 ரேண்ட் ஏறியது என்று வையுங்கள். 10.5 சதவீத வட்டி, 20 வருடக் கடன் என்றால் அந்த 250, ஏறக்குறைய 25,000 ரேண்ட் கடனுக்கான தவணை. அவரால் தரக்கூடிய விலை அந்த அளவு குறைகிறது. வில்லா என்று எழுதி வைத்தால் படுக்கையறை ஓர் அங்குலம்கூட அகலமாகாது.

பராமரிப்பு ஏன் ஏறும்? இந்த ரோமானியத் தூண் பெரும்பாலும் தெர்மோகோல் அச்சு, அதன் மேல் வலை, மெல்லிய சிமென்ட் பூச்சு. பழைய கான்கிரீட் தூணைச் சுற்றி அதை ஒட்டுவார்கள். பூச்சில் மயிரிழை விரிசல் விட்டால் மழை உள்ளே இறங்கும், வெளியேற வழி இராது. கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மூடாத தூணில் அந்த விரிசல் கண்ணில் படும். மூடிய தூணில் ஒரு துண்டு விழும்போதுதான் தெரியும். ஜன்னலுக்கு மேல் அலங்காரப் பட்டைகளும் ஒட்டினால், அவற்றுக்கு மேல்பக்கம் சரிவும் அடியில் நீர் சொட்டும் காடியும் வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் சுவரெல்லாம் கறுப்புக் கோடு. கண்ணாடித் தடுப்பைப் பிடிக்கும் எவர்சில்வர் 316 தரமாக இல்லாமல் 304 ஆக இருந்தால் கடலோரத்தில் தேநீர்க் கறைபோலப் பழுப்பேறும். கோபுரத்துச் சுதை வேலைக்கே பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு திருப்பணி தேவைப்படுகிறது; இங்கே அந்தத் திருப்பணிக்கு உபயதாரர் நீங்கள்தான்.

கார் நிறுத்தும் இடத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். 30 சென்டிமீட்டர் தூண் வேஷம் போட்டு 50 ஆனால், இரண்டு தூண்களுக்கு நடுவே 20 சென்டிமீட்டர் போய்விடும். 2.5 மீட்டர் இடம் 2.3 ஆகும். கதவு இடிக்கும், தெர்மோகோல் குழியும், மறுபடி பூச்சு.

நாளைக்கே மேனேஜிங் ஏஜென்டுக்கு ஈமெயில் அனுப்பி மூன்றைக் கேளுங்கள்: வேலைவாரியாகப் பிரித்த கொட்டேஷன், 10 ஆண்டுப் பராமரிப்புத் திட்டம், ரிசர்வ் ஃபண்ட் இருப்பு. கூரையும் பெயின்ட்டும் அந்தத் திட்டத்தில் இருக்க வேண்டிய வேலைகள். ரிசர்வில் பணம் இருந்தால் முதலில் அங்கிருந்து போகட்டும்.

கோபத்தில் லெவி கட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். பாக்கிக்கு வட்டி ஏறும்; விற்கும்போது பாடி கார்ப்பரேட்டின் (எல்லா உரிமையாளர்களும் சேர்ந்த அமைப்பின்) கிளியரன்ஸ் இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது. தீர்மானம் தவறு என்றால் இத்தகைய குடியிருப்புகளின் தகராறுகளைத் தீர்க்கும் ஆம்புட் அலுவலகத்தில் (CSOS) மனுக் கொடுங்கள். கூட்டத் தீர்மானத்தை எதிர்க்க 60 நாள்தான் கெடு, தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

டெபாசிட்டில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரே லெவிக்குப் போவது உங்கள் வயதில் அதிகம். அவசிய வேலைக்கான பங்கை மட்டும் ஒதுக்கி, மூன்று நான்கு தவணை கேளுங்கள். முதிர்வுத் தேதிக்கு முன் டெபாசிட்டை உடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று வங்கியில் கேட்டுவிட்டு, அதற்கேற்பத் தவணைத் தேதியை வையுங்கள். எல்லாம் மீறி அலங்காரத் தீர்மானம் முறைப்படி நிறைவேறிவிட்டால் பணம் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாடகைக்கு விட்டிருந்தால்கூட மேம்பாட்டுச் செலவை வாடகை வருமானத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது மூலதன ஆதாய வரிக்கு வீட்டின் அடக்க விலையில் சேர்த்துக் காட்டத்தான் அந்த ரசீது உதவும்.