விதைப்பை வலி: எதற்கு ஓட வேண்டும், எதற்குப் பொறுக்கலாம்?

வாசகர் கேள்விகளுக்குச் சிறுநீரகவியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. விடியற்காலையில் அடிவயிறு வலிக்கிறது என்று எழுந்து வாந்தி எடுத்தான். வலி வலது பக்க விதையில் என்பதைக் கூச்சப்பட்டுக்கொண்டு பிறகுதான் சொன்னான். ஒரு மணி நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. போன மாதமும் இப்படி வந்தது. ‘உடம்புச் சூடு, விளக்கெண்ணெய் வை’ என்கிறார் மாமியார். டாக்டரிடம் காட்ட வேண்டுமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: இந்த வாரமே காட்டுங்கள். விதை திருகிக்கொண்டு, தானாகவே பிரிந்திருக்கிறது என்றுதான் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. அடுத்த முறை பிரியாமல் போகலாம்.

விதைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களும் விந்துக்குழாயும் ஒரே கொடியாகச் சேர்ந்து இறங்குகின்றன. சில பையன்களுக்கு, விதையை விதைப்பைச் சுவரோடு சேர்த்துவைக்கும் பிடிப்பு பிறவியிலேயே சரியாக அமைந்திருக்காது. மணியின் நாக்கு போல விதை உள்ளே ஆடிக்கொண்டிருக்கும். தூக்கத்தில்கூட அது சுற்றிக்கொள்ளும். 12 முதல் 18 வயதுக்குள் இது அதிகம். கொடி முறுக்கும்போது முதலில் சிரை அடைபட்டு விதை வீங்குகிறது, பிறகு தமனியும் அடைபடுகிறது.

6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பத்தில் ஒன்பது விதைகள் பிழைக்கும். 12 மணி நேரம் ஆனால் பாதிதான் தேறும். ஒரு நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் அகற்ற வேண்டியதுதான். இந்தக் கணக்கு வலி தொடங்கிய நிமிடத்திலிருந்து ஓடுகிறது, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த நேரத்திலிருந்து அல்ல.

திருகிய விதை மேலேறி, குறுக்காகக் கிடக்கும். உள்தொடையை வருடினால் சாதாரணமாக அந்தப் பக்க விதை சற்று மேலே எழும்பும், திருகலில் பெரும்பாலும் எழும்பாது. டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரியும். ஆனால் அறிகுறிகள் தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் ஆபரேஷனுக்குப் போவதுதான் சரி. விதைப்பையில் சிறு கீறல் போட்டு, முறுக்கைப் பிரித்து, வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் விதையைச் சுற்றிவைத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்போம். திரும்பினால் சுவரோடு வைத்துத் தைத்துவிடுவோம். நல்லபடியாக இருக்கும் மறுபக்க விதையையும் தைப்போம். பிடிப்புக் குறை பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். உங்கள் மகனுக்குத் திருகல்தான் என்று உறுதியானால், வலி இல்லாத இந்த நேரத்திலேயே திட்டமிட்டுத் தைத்துவிடலாம்.

அதற்குள் மறுபடி வலி வந்தால், தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரவானாலும் எந்நேரமும் சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கும் என்பதால் பால், காபி எதுவும் கொடுக்காதீர்கள். விளக்கெண்ணெயால் கெடுதல் இல்லை, அதை வைத்துவிட்டு விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பதுதான் கெடுதல். சுளுக்கு என்று உருவிவிடுவது கூடவே கூடாது. இன்னொன்று: அடிவயிற்று வலி என்று வரும் பையனின் ஜட்டியைக் கழற்றிப் பார்க்காமல் ஊசி போட்டு அனுப்புவது எங்கள் ஆட்களிடமும் நடக்கிறது. ‘விதையையும் பாருங்கள்’ என்று நீங்களே கேளுங்கள்.

கேள்வி: வயது 28, ஜவுளிக்கடை வேலை. சாயங்காலம் ஆனால் இடப்பக்க விதையில் பாரமும் மந்தமான வலியும் வருகிறது. படுத்தால் குறைகிறது. ஸ்கேனில் ‘வேரிகோசீல்’ என்றார்கள். கல்யாணமாகி ஆறு மாதம்தான். ஆபரேஷன் வேண்டுமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: விதையிலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் சிரைகள் புடைத்துச் சுருண்டிருக்கின்றன. ஏறக்குறைய 15 சதவீத ஆண்களுக்கு இது உண்டு, பெரும்பாலானவர்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. இடப்பக்கச் சிரை நீளமானது, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் இடப்பக்கமே அதிகம் பாதிக்கப்படுகிறது. நாள் முழுக்க நிற்கும் வேலையில் ரத்தம் கீழே தேங்கும்.

முதலில் விதைப்பையைத் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை போடுங்கள், இடையிடையே உட்காருங்கள். சில வாரங்களில் குறையாவிட்டால் மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் ஆபரேஷனில் அந்தச் சிரைகளைக் கட்டிவிடலாம். குழந்தையைப் பொறுத்தவரை ஆறு மாதத்தில் கவலைப்பட எதுவுமில்லை. வேண்டுமானால் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு விந்துப் பரிசோதனை செய்யுங்கள். குறை தெரிந்தால் ஒரே முடிவை நம்பாமல் மறுபடி செய்து பாருங்கள். புடைப்பு வலப்பக்கம் மட்டும் இருந்தாலோ, நடுத்தர வயதில் திடீரென வந்தாலோ, படுத்தும் சுருங்காவிட்டாலோ வயிற்றை ஸ்கேன் செய்ய வேண்டும். சிறுநீரகக் கட்டி சிரையை அடைத்திருக்கலாம்.

கேள்வி: வயது 52, சர்க்கரை உண்டு. காய்ச்சல், நீர்க்கடுப்பு, விதை வீக்கம். மருந்துக்கடையில் மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போட்டேன். வலி குறைந்தது, வீக்கம் கல் மாதிரி நிற்கிறது.
– வாசகர், விருதுநகர்

பதில்: விதையின் பின்புறம் ஒட்டியிருக்கும் சுருள் குழாயில் (எபிடிடிமிஸ்) கிருமித் தொற்று வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. மூன்று நாள் மருந்து போதாது. பொதுவாக 10 நாள் தேவை. அரைகுறையாக நிறுத்தினால் சீழ் கட்டும், அல்லது வலி நாள்பட்டதாக மாறும்.

உங்கள் வயதில் கிருமி பெரும்பாலும் சிறுநீரிலிருந்து வருவது. புராஸ்டேட் வீங்கி நீர் முழுதாக வெளியேறாமல் தேங்குவது அடிக்கடி காரணமாகிறது. சிறுநீர் கல்ச்சர் கொடுத்துவிட்டு, நீர் கழித்த பிறகு எவ்வளவு மீதி நிற்கிறது என்று ஸ்கேனில் பாருங்கள். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உடலுறவு வழியாக வரும் கிளமிடியா, கொனோரியா கிருமிகளே அதிகம். அவர்களுக்கு ஊசியும் டாக்சிசைக்ளின் மாத்திரையும் தருவோம், துணைக்கும் சிகிச்சை வேண்டும். இல்லாவிட்டால் நோய் திரும்பி வரும்.

படுக்கும்போது மடித்த துண்டை விதைப்பைக்கு அடியில் வையுங்கள். ஐஸை நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி ஒரு தடவைக்கு 15 நிமிடம் வைக்கலாம். சரியான மருந்துக்கு வலி மூன்று நாளில் குறையும், வீக்கம் வடிய சில வாரங்கள் ஆகும். அப்படியும் கரடாகவே இருந்தாலோ, பின்பக்கம் துளை விழுந்து சீழ் கசிந்தாலோ காசநோயைத் தேடிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இதை மறக்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர் என்பதால் ஒரு எச்சரிக்கை: தோல் கறுத்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ அன்றே ஓடுங்கள். அழுகல் மணிக்கணக்கில் பரவும்.

கேள்வி: பொன்னுக்கு வீங்கி வந்து நாலைந்து நாளில் என் தம்பிக்கு விதை வீங்கிவிட்டது. வயது 19.
– வாசகி, கடலூர்

பதில்: இது அதே வைரஸின் வேலையாக இருக்கலாம். பருவம் வந்த ஆண்களுக்கு இது சகஜம். ஆன்டிபயாடிக் பயன்படாது, ஓய்வு, தாங்கு உள்ளாடை, வலி மாத்திரை போதும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வரும். விதை பிறகு சற்றுச் சுருங்கலாம், முழு மலட்டுத்தன்மை அபூர்வம். ஆனாலும் திருகல் இல்லை என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

கேள்வி: எட்டு மாதமாக வலி. ஸ்கேன், சிறுநீர், ரத்தம் எல்லாம் நார்மல். மனப்பிரமை என்கிறார்கள்.
– வாசகர், சேலம்

பதில்: பிரமை இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறோம், அதற்குக் காரணம் விதைக்கு வெளியேயும் இருக்கலாம். சிறுநீர்க்குழாய்க் கல், ஆரம்பநிலைக் குடலிறக்கம், இடுப்பு எலும்பு மூட்டு, முதுகுத்தண்டு நரம்பு, இடுப்புத்தளத் தசை இறுக்கம், முன்பு செய்துகொண்ட கருத்தடை ஆபரேஷன் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் இல்லையென்றால் அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களாவது தொடர வேண்டும். பத்து நாளில் பலனில்லை என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். அதற்கும் அடங்காவிட்டால் விதைக்கு இறங்கும் கொடியில் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்ப்போம். ஊசிக்கு வலி நன்றாகக் குறைந்தால் அந்தக் கொடியில் ஓடும் நரம்புகளை மைக்ரோஸ்கோப் வைத்துத் துண்டிக்கும் ஆபரேஷன் பலன் தர வாய்ப்புண்டு. விதையையே எடுத்துவிடச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. அவசரப்படாதீர்கள், எடுத்த பிறகும் சிலருக்கு அதே இடத்தில் வலி தொடர்கிறது.