அரிப்பு இல்லாத அப்பாயிக்கும் மருந்து பூசுங்கள்

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்துக் காம்பராவில் இருக்கிறோம். நான் கொழுந்து பறிக்கிறேன். எட்டு வயது மகளுக்கு விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பொடிப்பொடியாகக் கிளம்பி, இரவானால் தூங்க விடாமல் அரிக்கிறது. டிஸ்பென்சரியில் ஒரு டியூப் தந்தார்கள். பூசியதும் குறைந்தது, ஒன்றரை மாதத்தில் மறுபடி வந்துவிட்டது. இப்போது எனக்கும் மூன்று வயது மகனுக்கும் அரிக்கிறது. மகள் படுப்பது அப்பாயியோடு, அதாவது என் மாமியாரோடு. அவருக்கு மட்டும் ஒன்றுமில்லை. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒருமுறை வருவார். இரத்தம் கெட்டுவிட்டது, கருவாடு, கத்தரிக்காய் கொடுக்காதே என்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் அனுப்ப வேண்டாம் என்றுவிட்டார்கள். என்ன செய்வது டொக்டர்?

பதில்: தங்கச்சி, இரத்தம் கெடவில்லை. பிள்ளைக்குக் கருவாடும் கொடுங்கள், கத்தரிக்காயும் கொடுங்கள், முட்டை கிடைத்தால் அதையும் கொடுங்கள். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது. ஆனால் இரவில் கூடுகிற அரிப்பு, விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அதோடு ஒரே காம்பராவில் மூன்று பேர் என்றால், சொறி சிரங்கு என்றுதான் நான் முதலில் நினைப்பேன். உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்றது இரண்டு பேரிடம்: அரிப்பே இல்லாத அப்பாயி, மாதம் ஒருமுறை வரும் கணவர். மகளுக்குப் பூசியும் நோய் திரும்பி வந்த வழி பெரும்பாலும் இவர்கள்தான். அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்கும் மருந்து கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை.

இது ஒரு பூச்சியின் வேலை. பெண் பூச்சியே அரை மில்லிமீட்டருக்குக் குறைவுதான். தோலின் மேற்படைக்குள் சுரங்கம் குடைந்துகொண்டே போய், நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். மகளை வெளிச்சத்தில் இஸ்தோப்பில் உட்கார வைத்து, விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் நூல் துண்டு ஒட்டிக்கொண்டதுபோல வளைந்த கோடு ஒன்று தெரியலாம். கிளினிக்கில் சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் பேனா மையைத் தடவி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துவிடுவோம். மேலே உள்ள மை போய்விடும், சுரங்கத்துக்குள் இறங்கிய மை மட்டும் நீலக் கோடாக நிற்கும். உங்கள் விரல்களில் இதைப் பார்ப்பது கஷ்டம். கொழுந்துக் கறை ஏறி வெடிப்பு விழுந்த விரலில் எது கோடு, எது வெடிப்பு என்று தெரியாது. அதனால் கொழுந்து எடுப்பவர்கள் வந்தால் மணிக்கட்டையும் படங்கு கட்டும் இடுப்பையும்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இந்தப் பூச்சி உண்மையில் இருக்கிறதா என்று பாரிஸ் வைத்தியர்கள் பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். 1834இல் ரெனுச்சி என்ற மாணவர் ஒரு நோயாளியின் கையிலிருந்து அதை ஊசி முனையால் எடுத்துக் காட்டிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது. அவருடைய ஊர் கோர்சிகாத் தீவு. அங்கே ஏழைப் பெண்கள் ஊசியால் அதை எடுப்பதைப் பார்த்துப் பழகியவர் அவர். பெரிய வைத்தியர்களுக்குத் தெரியாதது அந்தத் தாய்மாருக்குத் தெரிந்திருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

சரி, அப்பாயிக்கு வருவோம். 1941இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் கென்னத் மெல்லன்பி என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மறுத்த இளைஞர்களைக் கொண்டு இந்த நோயைப் படித்தார். அவர்கள் தாங்களாகவே முன்வந்து உடம்பில் சிரங்கை ஏற்றுக்கொண்டவர்கள். முதல் தடவை பூச்சி ஏறியவருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வரை அரிப்பே இல்லை. அரிப்பு என்பது பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் உடம்பு காட்டும் எதிர்ப்பு. அந்த எதிர்ப்பு உருவாக அவ்வளவு நாள் ஆகிறது. ஆறி மறுபடி ஏறினால் ஓரிரு நாளிலேயே அரிக்கும். வயதானவர்களிலோ அரிப்பு குறைவாகவே இருப்பதும் உண்டு. ஆக, அப்பாயிக்கு அரிப்பு இல்லை என்பது அவரிடம் பூச்சி இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

மெல்லன்பி இன்னொன்றும் பார்த்தார். சிரங்கு வந்த சிப்பாய்களின் உள்ளாடையையும் கம்பளியையும் துவைக்காமல் அந்த இளைஞர்களுக்குக் கொடுத்தும், மிகச் சிலருக்கே தொற்றியது. உடம்போடு உடம்பு ஒட்டிப் படுத்தால்தான் சுலபமாகத் தொற்றுகிறது. சாதாரணமாக ஒரு நோயாளியின் உடம்பில் இருக்கும் பெண் பூச்சிகள் பத்துப் பன்னிரண்டுதான் என்றும் எண்ணிக் காட்டினார். ஆகவே இது அழுக்கால் வருகிற நோய் இல்லை. தினமும் பீலியில் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். ஒரே காம்பராவில் ஐந்து பேர் நெருங்கிப் படுக்க வேண்டியிருக்கிறதே, அதுதான் பூச்சிக்கு வசதி. அந்த நெருக்கத்துக்கு நீங்கள் வெட்கப்பட எதுவுமில்லை.

நான் வைத்தியம் தொடங்கிய காலத்தில், ஒரே பிள்ளைக்கு மூன்று தடவை மருந்து எழுதினேன். மூன்றாம் தடவை அந்த அம்மாவிடம் ‘ஒழுங்காகப் பூசவில்லையா’ என்று கடிந்தும் கேட்டுவிட்டேன். அவர் ஒழுங்காகத்தான் பூசியிருந்தார். பிள்ளை யாரோடு படுக்கிறது என்று நான்தான் கேட்கவில்லை. அந்த அம்மாவின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். டிஸ்பென்சரியிலோ வைத்தியசாலையிலோ ‘வீட்டில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் வேண்டும்’ என்று கேட்டு வாங்குங்கள். பெர்மெத்ரின் 5 சதவீத கிரீம் என்றால் பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் டியூப் ஒன்று வேண்டும், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. கணவர் வருகிற சனிக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவு எல்லோரும், அரித்தாலும் அரிக்காவிட்டாலும், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூச வேண்டும். விரல் இடுக்கு, அக்குள், தொப்புள், மார்பின் கீழ், மறைவிடம், பிட்டம் எதையும் விடாதீர்கள். நகத்தை வெட்டி, நகத்தடியிலும் தடவுங்கள். அப்பாயிக்குத் தலையிலும் காதுக்குப் பின்னாலும் பூசி, முதுகை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் யாராவது கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருந்து ஞாயிறு காலை குளியுங்கள். ஏழு நாள் கழித்து, அடுத்த சனிக்கிழமையும் இதே மாதிரி. அந்தச் சனிக்கிழமை கணவர் கொழும்பில் இருந்தால் அங்கேயே பூசட்டும்.

பென்சைல் பென்சோயேட் லோஷன் தந்தால் முறை வேறு: அடுத்தடுத்த நாட்களில் பூச வேண்டும், எரியும், பிள்ளைகளுக்குத் தண்ணீர் கலக்க வேண்டும். எத்தனை நாள், எவ்வளவு தண்ணீர் என்று தருபவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலோ பக்கத்திலோ கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஞாயிறு காலையில் உடுத்த துணி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் கொதிநீரில் முக்கித் துவையுங்கள். உடம்பை விட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளில் செத்துவிடும் என்று பொதுவாகச் சொல்வோம். ஆனால் குளிரிலும் ஈரத்திலும் அது கூடுதல் நாள் தாங்கும், நம் மலையில் இரண்டுக்கும் குறைவில்லை. அதனால் துவைக்க முடியாத கம்பளியைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைத்துவிடுங்கள்.

மருந்துக்குப் பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கலாம். செத்த பூச்சி தோலுக்குள் கிடக்கும் வரை உடம்பு சும்மா இராது. அதைப் பார்த்துப் பயந்து தினமும் பூசினால் தோல் வெந்துபோகும். கடையில் கேட்காமலே எடுத்துத் தருகிற ஸ்டீரொய்ட் கிரீமைத் தொடாதீர்கள், அரிப்பு அடங்கும், பூச்சி பெருகும். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற பூச்சி மருந்தை உடம்பில் தடவுவதோ உயிருக்கே ஆபத்து. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசலாமா என்று பலர் கேட்பார்கள். 1992இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் 814 பேருக்குப் பூசி, 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளில் குணமானது என்று எழுதினார்கள். நல்ல சேதிதான், ஆனால் அது ஆரம்ப ஆய்வு. டியூப் கிடைக்கிறபோது நான் அதை நம்பி இருக்க மாட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு வெளியான பிஜி ஆய்வை நான் அடிக்கடி நினைப்பேன் (நம் ஆட்களைக் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோன அதே பிஜிதான்). மூன்று தீவுச் சமூகங்களில் 2051 பேர். நோய் வந்தவருக்கும் அவரோடு நெருங்கியிருந்தவருக்கும் மட்டும் கிரீம் கொடுத்த இடத்தில், ஒரு வருடத்தில் சிரங்கு 36.6 சதவீதத்திலிருந்து 18.8க்கு இறங்கியது. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்த இடத்தில் 32.1 இலிருந்து 1.9க்கு வந்துவிட்டது. லயம் முழுக்க ஒரே நாளில் மருந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. இந்த மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை, உங்கள் மகன் அந்த எடையில் இருக்கலாம்.

ஒன்றில் மட்டும் தாமதிக்காதீர்கள். சொறிந்த புண்ணில் சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். சில கிருமிகள் புண்ணோடு நிற்காமல் சிறுநீரகத்தைத் தாக்கும். பிள்ளையின் முகம் காலையில் வீங்கியிருந்தால், சிறுநீர் சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் போனால், டிஸ்பென்சரிக்கு இல்லை, நேராகப் பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள்.

முதல் தடவை பூசிக் குளித்த மறுநாளே மகள் பள்ளிக்கூடம் போகலாம். தயங்கினால் மருந்து தந்தவரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கி ஆசிரியரிடம் கொடுங்கள். மகன் பிள்ளைக் காம்பராவுக்குப் போகிறவன் என்றால், அங்கே பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மற்றப் பிள்ளைகளின் விரல் இடுக்கையும் அவர் பார்க்கட்டும். பக்கத்துக் காம்பராவில் யாருக்காவது இரவில் அரிக்கிறதா என்றும் சனிக்கிழமைக்கு முன்பே கேட்டு வையுங்கள்.