சொந்தமாக ஆண்கள் உடை இணைய இதழ் நடத்துவது எப்படி? கேள்வி பதில்

நிறுவனப் பின்னணி இல்லாமல், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து தமிழில் ஆண்கள் உடைக்கென இணைய இதழ் நடத்துபவர்களும் நடத்த நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பதில் சொல்பவர் இத்தகைய இதழொன்றின் ஆசிரியர்.

மதுரையிலிருந்து: சார், தொடங்கும்போது எத்தனை கட்டுரை கையில் இருக்க வேண்டும்? எதைப் பற்றி எழுதலாம்?

இருபது கட்டுரையாவது தயாராக இருக்கட்டும். அதில் பன்னிரண்டு, இரண்டு வருடம் கழித்துப் படித்தாலும் பயன்படுவதாக இருக்க வேண்டும். நாலு முழத்துக்கும் எட்டு முழத்துக்கும் என்ன வித்தியாசம், கழுத்தளவு எடுப்பது எப்படி, வேர்வைக்கு எந்தத் துணி தாங்கும், பட்டு வேட்டியை எப்படி மடித்து வைப்பது போன்றவை. ஐரோப்பியக் குளிருக்கு அடுக்கடுக்காக உடுத்தும் முறையை எழுதினால் சென்னையில் இருப்பவர் அதை வைத்து என்ன செய்வார்? நம் ஊர் வெயிலில், நம் ஊர்க் கல்யாணத்தில், நம் ஊர் அலுவலகத்தில் ஒருவர் என்ன உடுத்துவார் என்பதை ஆழமாக எழுத ஆளில்லை. அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

சேலத்திலிருந்து: தீபாவளி சிறப்புப் பக்கத்தை எப்போது போடலாம்?

ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால். தேடுபொறி அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து மேலே கொண்டுவர நாளாகும். தைக்கக் கொடுப்பவருக்கும் தையல்காரரிடம் ஒரு மாதம் வேண்டும். கல்யாண உடைக் கட்டுரைகளை ஆடியிலும் மார்கழியிலும் எழுதி முடித்துவிடுங்கள். அந்த மாதங்களில் முகூர்த்தம் கிடையாது, ஆனால் ஆவணி, தை மாதக் கல்யாணங்களுக்குத் துணி எடுப்பவர்கள் அப்போதே தேட ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தின் இணைய முகவரியில் வருடத்தைச் சேர்க்காதீர்கள். ஒரே பக்கத்தை வருடா வருடம் புதுப்பித்தால் அதன் மதிப்பு கூடிக்கொண்டே வரும்.

ஈரோட்டிலிருந்து: வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையைப் படம் எடுத்தால் சாம்பலாகவோ நீலமாகவோ வருகிறது. நேரில் பார்த்த துணி மாதிரியே இல்லை. என்ன தவறு?

தவறு ஒன்றல்ல, மூன்று நான்கு சேர்ந்து வருகிறது.

கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கிவிடப் பார்க்கும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று கேமரா காட்டும் வரைபடம்) வலப்பக்கம் நகர வேண்டும், ஆனால் வலது விளிம்பில் முட்டக் கூடாது. முட்டினால் மடிப்பும் இழையும் அழிந்து, வேட்டி வெட்டி ஒட்டிய காகிதம் போலாகிவிடும். கறுப்புச் சட்டைக்கு இதற்கு நேரெதிராகக் குறைக்க வேண்டும்.

நீலத்துக்குக் காரணம் பெரும்பாலும் கலப்பு வெளிச்சம். ஜன்னலிலிருந்து பகல் ஒளியும் மேலே டியூப் லைட்டும் சேர்ந்து எரிந்தால் எந்த அமைப்பும் இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்யாது. விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல் ஒளியில் மட்டும் எடுங்கள். முதல் படத்தில் மாடலின் கையில் கிரே கார்டை (நிறத்தைச் சரிசெய்ய உதவும் சாம்பல் அட்டை) கொடுத்து எடுத்துவைத்தால் மற்ற படங்களின் நிறத்தை அதை வைத்தே சரிசெய்யலாம். மில்லில் வெண்மையூட்டி போட்ட துணி, புற ஊதாக் கதிர் கலந்த வெளிச்சத்தில் தானாகவே நீலம் காட்டும். அதை முழுக்கப் போக்கிவிட வேண்டாம், அந்தத் துணி அப்படித்தான். பச்சைச் சுவர், மரநிழல் பக்கத்தில் நின்றால் வெள்ளையில் பச்சை ஏறும்.

வெளிச்சம் 45 பாகையில் பக்கவாட்டிலிருந்து வரட்டும், நெசவு தெரியும். ஜரிகைக் கரை கறுத்துப் போனால், எதிரே பிரதிபலிக்க வெளிச்சமான பொருள் எதுவும் இல்லை என்று அர்த்தம். ஒரு வெள்ளைத் தெர்மகோல் பலகையை நிறுத்துங்கள். செல்போனில் எடுத்தால் 2x வைத்து நான்கு மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். பக்கத்தில் நின்று அகல லென்ஸில் எடுத்தால் தலை பெருத்துக் கால் குறுகி, சட்டையின் நீளமே பொய்யாகிவிடும்.

அதே ஊரிலிருந்து: சின்னக் கட்டம் போட்ட சட்டையில் அலை அலையாகக் கோடு வருகிறதே?

அது மொய்ரே. துணியின் நுண்கட்டமும் கேமராவின் பிக்சல் வரிசையும் மோதுவதால் வருவது. ஒரு அடி முன்னால் அல்லது பின்னால் நகர்ந்து எடுங்கள். கேமரா என்றால் எஃப்/11க்கு மேல் மூடிப் பாருங்கள். படத்தைச் சிறிதாக்கும்போதும் புதிதாக வரலாம், ஆகவே வாசகர் பார்க்கும் அளவில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து: பிராண்டுகள் இலவசமாகச் சட்டை அனுப்புகிறார்கள். வாங்கிக்கொண்டு எழுதலாமா? வரி உண்டா?

எழுதலாம், ஆனால் இலவசமாக வந்தது என்பதை முதல் பத்திக்கு முன்பே சொல்லுங்கள். கட்டுரையின் கடைசியில் பொடி எழுத்தில் போடுவது சொன்னதாக ஆகாது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, பொருள் தருபவருக்கும் பரிந்துரைப்பவருக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தவறான விளம்பரத்துக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. கட்டுரை தமிழில் என்றால் அறிவிப்பும் தமிழில், ‘விளம்பரம்’ என்று நேராக இருக்கட்டும்.

வரியும் உண்டு. 2022 ஜூலை 1 முதல் வந்த வருமான வரி விதிப்படி, ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தாலும் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். திருப்பி அனுப்பிய பொருள் இந்தக் கணக்கில் வராது. எனவே என்ன வந்தது, விலை என்ன, எப்போது திரும்பிப் போனது என்று ஒரு பேரேடு வையுங்கள். முடிந்தவரை திருப்பி அனுப்பிவிடுவது நல்லது. வீட்டு அலமாரி நிறைந்துபோனால் குறை எழுதக் கை தயங்கும்.

திருப்பூரிலிருந்து: ‘நூறு சதவீதம் காட்டன்’ என்று லேபிளில் இருக்கிறது. நாமே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். தையலின் உள்விளிம்பிலிருந்து பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) ஒன்று, ஊடை நூல் (குறுக்கே ஓடுவது) ஒன்று தனித்தனியாக உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பாவு பருத்தியாகவும் ஊடை பாலியஸ்டராகவும் இருக்கும் துணி உண்டு, அதனால்தான் இரண்டையும் பார்க்கச் சொல்கிறேன். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் தீயைக் கண்டு சுருங்கி, உருகி, கடினமான மணியாக நிற்கும். சாம்பலை விரலில் தேய்க்கும்போது கரகரவென்று கட்டி தட்டுப்பட்டால் கலப்பு. ஒரு எச்சரிக்கை: மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸும் பருத்தி போலவே எரியும். இந்தச் சோதனையை மட்டும் வைத்து ‘சுத்தப் பருத்தி’ என்று எழுதாதீர்கள், ‘பாலியஸ்டர் தென்படவில்லை’ என்பதோடு நிறுத்துங்கள்.

டி-சர்ட்டுக்கு இன்னொன்றும் செய்யுங்கள். அழியாத பேனாவால் 25 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து, மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 24 சென்டிமீட்டர் என்றால் 4 சதவீதச் சுருக்கம். 42 அங்குல மார்புச் சுற்று 5 சதவீதம் சுருங்கினால் ஏறக்குறைய இரண்டு அங்குலம் போய்விடும், அதாவது ஒரு சைஸே மாறிவிடும். துவைக்காமல் எழுதும் விமர்சனத்தால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை.

நாகர்கோவிலிலிருந்து: இன்ஸ்டாகிராமில் கிடைக்கும் படத்தை, பெயர் போட்டு எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பெயர் போடுவது அனுமதி ஆகாது. எழுத்தில் வாங்குங்கள். உரிமையை எழுதி வாங்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அது 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும்.

கோயம்புத்தூரிலிருந்து: அஃபிலியேட் லிங்க்கில் (நம் இணைப்பு வழியாக வாசகர் வாங்கினால் கமிஷன் தரும் ஏற்பாடு) காட்டும் கமிஷன் முழுதாகக் கைக்கு வருவதில்லை, ஏன்?

திரும்பிப் போகும் உடைகளால். 1,200 ரூபாய் சட்டை, 7 சதவீதக் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 84 ரூபாய், நூறு ஆர்டருக்கு 8,400. நாற்பது பேர் திருப்பி அனுப்பினால் 5,040. திருப்பி அனுப்பும் காலம் முடியும் முன் அந்தப் பணத்தை வரவில் எழுதாதீர்கள்.

துணியைத் திருப்பி அனுப்ப முதல் காரணம் அளவு சரியில்லாததுதான். ஆகவே ஒவ்வொரு படத்தின் கீழும் மாடலின் உயரம், மார்பளவு, போட்டிருக்கும் சைஸ் மூன்றையும் எழுதுங்கள். சட்டையைத் தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரையும், தோளிலிருந்து கீழ்விளிம்பு வரையும் நீங்களே அளந்து போடுங்கள், நிறுவனத்தின் அட்டவணையை நம்பாமல். முதுகில் கிளிப் போட்டு இழுத்து எடுத்த படத்தை விமர்சனத்தில் ஒருபோதும் போடாதீர்கள். படத்தில் கச்சிதமாக இருந்த சட்டை வீட்டில் தொளதொளவென்று தொங்கினால், அந்த வாசகர் அடுத்தமுறை உங்கள் சொல்லை நம்பி வாங்க மாட்டார்.

திருச்சியிலிருந்து: பக்கத்தின் முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமா? பக்கமும் மெதுவாகத் திறக்கிறது.

முகவரி ரோமன் எழுத்தில் இருக்கட்டும். தமிழில் வைத்தால் பகிரும்போது %E0 போன்ற குறியீடாக உடையும், ‘வேட்டி’ என்ற ஒரே சொல் 54 எழுத்தாக நீளும். தலைப்பு தமிழில் இருந்தால் போதும்.

வேகத்துக்கு, பெரிய படம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். படங்களை வெப்பி (WebP) என்ற சுருக்கப் பட வடிவில் 1200 பிக்சல் அகலத்தில் 150 கேபிக்குள் அடக்குங்கள். லேஸி லோடிங்கை (வாசகர் அந்த இடத்துக்கு வரும்போதுதான் படத்தை ஏற்றும் முறை) முதல் படத்துக்கு மட்டும் போடாதீர்கள், அதுவே தாமதத்துக்குக் காரணமாகிவிடும். தமிழ் எழுத்துருவில் சாதாரணம், தடித்தது என இரண்டு வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.